நீங்கள் கேட்டது: எங்கள் தளம் முழுக்கத் திறந்த மூல லைப்ரரிகளில்தான் (யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைத்த நிரல் தொகுப்புகளில்) ஓடுகிறது. அவற்றை எழுதுகிறவர்களுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

நீங்கள் தந்த விவரம் இது: நாலு பேர் குழு, ரியாக்ட்டும் (திரையில் தெரிவதைக் கட்டும் லைப்ரரி) நோட் ஜேஎஸ்ஸும் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவது) வைத்துக் கட்டிய தளம், வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம், மாதம் ஒரு சிறு தொகை.

எது உதவி என்பதற்கு ஓர் அளவுகோல் போதும்: லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளருக்கு அது நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறதா, தின்கிறதா? நல்லெண்ணத்தில் செய்கிற பல காரியங்கள் தின்கிற வகை. இஷ்யூவின் (பிழையையோ கோரிக்கையையோ எழுதும் பொதுப் பதிவின்) அடியில் "இது எப்போது வரும்?", "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதினால், அதைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போகும், உள்ளே புதுத் தகவல் ஒன்றும் இருக்காது. முதல் பதிவில் கட்டைவிரல் குறியை அழுத்தினால் போதும். இதை நாகரிகப் பிரச்சினையாக மட்டும் பார்த்துவிட வேண்டாம். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலை ஏறக்குறைய ஒரே ஆள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை மெதுவாக நடக்கிறது என்று அவருக்கு மடல் மேல் மடல் வந்தது. உதவ வந்தவர்போல் இரண்டாண்டுக்கு மேல் உழைத்துக் காட்டிய ஒருவர் வெளியீட்டு உரிமையை வாங்கி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். 2024 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ் தரவுதள டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினிக்குள் நுழையும் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால்தான் அது பிடிபட்டது. 2018இல், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மின் ஈவென்ட்-ஸ்ட்ரீம் தொகுப்பிலும் இதுதான் நடந்தது: ஆர்வம் போன ஆசிரியர், கேட்ட அந்நியருக்கு உரிமையைக் கொடுத்தார், பிட்காயின் திருடும் நிரல் உள்ளே வந்தது. களைத்துப்போன தனி ஆள்தான் இந்தத் துறையில் உடையும் இடம்.

ஆகவே பணத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ரியாக்ட்டுக்குப் பின்னால் பெரிய நிறுவனங்கள் நிற்கின்றன. நீங்கள் நேரடியாகக் கேட்ட லைப்ரரிகளின் பட்டியலான பேக்கேஜ்.ஜேசனில் முப்பது பெயர் இருந்தால், அவை இழுத்து வருகிறவற்றையும் சேர்த்த லாக் ஃபைலில் பல நூறு இருக்கும், ஆதரவில்லாதவர்கள் அந்தப் பல நூறுக்குள்தான் இருக்கிறார்கள். புராஜெக்ட் ஃபோல்டரில் 'என்பிஎம் ஃபண்ட்' ஓட்டிப் பாருங்கள். நிறுவப்பட்ட தொகுப்புகளில் யார் யார் நிதி கேட்கிறார்கள் என்று முகவரியோடு வரும். ஆனால் ஃபண்டிங் புலத்தை நிரப்பியவர்கள் மட்டும்தான் அதில் தெரிவார்கள், கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் விடுபடுவார்கள். சந்தேகமுள்ள பெயருக்கு 'என்பிஎம் எக்ஸ்ப்ளெயின்' கொடுத்தால் எந்த வழியாக அது உள்ளே வந்தது என்று காட்டும். பிறகு ரெப்போவை (நிரல் இருக்கும் களஞ்சியத்தை) திறந்து, கடந்த ஓராண்டில் எத்தனை பேர் கமிட் (பதிவான மாற்றம்) செய்திருக்கிறார்கள், அது நாளை நின்றுபோனால் மாற்று எழுத உங்களுக்கு எவ்வளவு நாளாகும் என்று பாருங்கள். தளத்தைக் கட்டவும் சோதிக்கவும் மட்டும் தேவைப்படும் டெவ் டிபென்டன்ஸிகளை விட்டுவிடாதீர்கள். பில்ட் (நிரலைத் தளமாகக் கட்டும் வேலை) நடக்கும் இடத்தில்தான் உங்கள் ரகசியச் சாவிகள் இருக்கின்றன.

ஐம்பது பேருக்கு ஒவ்வொரு டாலராகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு பகுதி கட்டணத்தில் கரையலாம், யாருடைய மாதமும் மாறாது. நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்து மாதாமாதம் நிற்காமல் அனுப்புங்கள். ஒருமுறை வரும் பெரிய தொகையைவிட அடுத்த மாதமும் வரும் என்ற நிச்சயம் அவர்களுக்குப் பெரிது. எவ்வளவு என்று கேட்டால், 2024இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ் (நிறுவனங்கள் நிதி தர உறுதியளிக்கும் திட்டம்) நிறுவனத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு டெவலப்பர் கணக்கிலும் ஆண்டுக்கு 2,000 டாலர் என்று வைத்திருக்கிறது. அது எட்டாவிட்டால் எட்டுகிற தொகையில் தொடங்குங்கள். அனுப்புமுன் கேட்டுவிடுவது நல்லது. வேலை ஒப்பந்தம் காரணமாகப் பணம் வாங்க முடியாதவர்கள் உண்டு.

இனி நேரம். பிழை அறிக்கையைச் சரியாக எழுதுவதுதான் இதில் பெரிய பங்கு. ஒரு உதாரணம். தேதி காட்டும் லைப்ரரி ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தளத்தின் இணைப்பைக் கொடுத்து "தேதி தப்பு" என்று எழுதினால் பராமரிப்பாளருக்கு அரை நாள் போகும். காலி ஃபோல்டர் ஒன்றில் அந்த லைப்ரரியை மட்டும், பதிப்பெண்ணைக் கட்டிப்போட்டு நிறுவுங்கள். இருபது வரிக்குள் பிழையை வரவையுங்கள். நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் என்ற சூழல் மாறியில் நியூயார்க் நேரத்தைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். '2024-03-10' என்று தேதியை மட்டும் எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது, கிரீன்விச்சுக்கு மேற்கே அது முந்தைய நாள் மாலை. பின்னால் 'டி00:00' சேர்த்தால் உள்ளூர் நேரமாகிவிடும். அதாவது பிழை லைப்ரரியில் இல்லை, அதைக் கொடுத்த இடத்தில். சுருக்கிப் பார்க்கும்போதே இப்படி அவிழ்கிற முடிச்சுகள் ஏராளம்.

அவிழாவிட்டால் அந்த இருபது வரி, எதிர்பார்த்த விடை, வந்த விடை, நோட் மற்றும் பிரவுசர் பதிப்பு, கடைசியாகச் சரியாக ஓடிய பதிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். பிழைச் செய்தியைப் படமாக ஒட்டாதீர்கள், தேடலில் கிடைக்காது. இன்னும் ஒரு படி போகலாம்: பழைய மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் 'கிட் பைசெக்ட்' ஓட்டினால் ஆயிரம் கமிட்டுக்குள் குற்றவாளியைப் பத்து சோதனையில் பிடித்துவிடலாம். பாதுகாப்பு ஓட்டை என்றால் மட்டும் பொது இஷ்யூவில் எழுதவே கூடாது. செக்யூரிட்டி.எம்டி கோப்பில் சொன்ன வழியில் தனியாக அனுப்புங்கள்.

பழைய இஷ்யூக்களை எடுத்து, இன்றைய பதிப்பில் இன்னும் வருகிறதா என்று ஓட்டிப் பார்த்து விடையை எழுதுவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. இரண்டு மணி நேரத்தில் மூன்று நாலு முடியும். பராமரிப்பாளர்கள் ஏங்குவது இதற்குத்தான்.

புல் ரிக்வெஸ்ட் (நீங்கள் எழுதிய மாற்றத்தை ஏற்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினால் ஒன்றில் ஒரே மாற்றம் இருக்கட்டும், பிழையைக் காட்டித் தோற்கும் டெஸ்ட்டை முதலில் சேர்த்துவிடுங்கள். சேமிக்கும்போதே எடிட்டர் முழுக் கோப்பையும் அழகுபடுத்திவிடும், மூன்று வரித் திருத்தம் அறுநூறு வரியாகப் போய் நிற்கும். 'கிட் ஆட்' கட்டளையோடு 'பி' கொடியைச் சேர்த்தால் துண்டு துண்டாகப் பார்த்து ஏற்றலாம். புது வசதி என்றால் எழுதுமுன் கேளுங்கள், அதை ஆண்டுக்கணக்கில் சுமக்கப்போவது அவர்கள். எண்ணிக்கைக்காக அனுப்பும் திருத்தங்கள் என்ன செய்யும் என்பதற்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறவர்களுக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் 2020 பதிப்பு சாட்சி. வெள்ளமாக வந்த குப்பையைத் தாங்க முடியாமல், விரும்பிச் சேரும் ரெப்போக்களுக்கு மட்டும் என்று விதியை மாற்றினார்கள். ஓட்டிப் பார்க்காமல் ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்புவதும் அதே சுமைதான்.

உங்களைப் போன்ற குழுவால் மட்டும் முடிகிற ஒன்று இருக்கிறது, செய்பவர்கள் மிகக் குறைவு: முன்வெளியீட்டுப் பதிப்புகளைச் சோதிப்பது. 'என்பிஎம் வியூ' கட்டளையில் தொகுப்பின் பெயரும் 'டிஸ்ட்-டேக்ஸ்' என்பதும் கொடுத்தால் நெக்ஸ்ட், பீட்டா, ஆர்சி (வெளியீட்டுக்குச் சற்று முந்தைய பதிப்பு) என்று என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அந்தப் பதிப்பை நிறுவி உங்கள் டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ வேலை ஒன்றை வாரம் ஒருமுறை வையுங்கள். பியர் டிபென்டன்ஸி மோதல் (ஒரு லைப்ரரி இன்னொன்றின் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்டு முரண்படுவது) வரும். 'ஃபோர்ஸ்' போட்டுத் தள்ளாமல் பேக்கேஜ்.ஜேசனின் 'ஓவர்ரைட்ஸ்' (overrides) பகுதியில் பதிப்பைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதைச் சோதித்தோம் என்றே தெரியாது. அந்த வேலை தோற்றால் உங்கள் வெளியீடு நிற்கக் கூடாது, ஒருவருக்குத் தகவல் மட்டும் போகட்டும். ஆர்சி காலத்தில் சொன்னால் சத்தமில்லாமல் திருத்திவிடுவார்கள். வெளியான பிறகு சொன்னால், அதற்குள் வேறு யாரோ அந்தப் பிழையை நம்பி நிரல் எழுதியிருப்பார்கள், பழையதோடு பொருந்தாத மாற்றங்களை அனுமதிக்கும் அடுத்த மேஜர் பதிப்பு வரை கை வைக்க முடியாது.