‘மேங்கோ’ என்ற ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்கிறார்களே, உண்மையா?

தமிழிலிருந்தா, மலையாளத்திலிருந்தா என்பதில்தான் அறிஞர்களுக்குள் வழக்கு. நம் பக்கத்துச் சொல் என்பதில் சந்தேகமே இல்லை. தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ங. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த போர்த்துகீசியர் அதை ‘மங்கா’ ஆக்கிக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பிறகு வால் மாறி மேங்கோ ஆனது.

எனக்குப் பிடித்த இடம் அந்தக் ‘காய்’. தேனாக இனிக்கும் மல்கோவாவைத் தின்றுகொண்டே வெள்ளைக்காரர் சொல்வது மாங்காய்! எனக்கு ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர் பக்கம். சீசனில் எங்கள் மண்டியில் அரை மணி நேரம் நின்றவருக்கு இது விநோதமாகவே படாது. காம்பில் பால் வடியும் பெங்களூராவோ, மஞ்சளேறி மணக்கும் செந்தூராவோ, வியாபாரி வாயில் எல்லாம் காய்தான். “காய் எத்தனை டன் வரும்?” “காய் எப்போது இறக்குகிறீர்கள்?” டிராக்டரில் மாங்கூழ் ஆலைக்குப் போவதும் காய்தான். வீட்டில் வைக்கோலில் பழுக்கவைத்துப் பிள்ளைகளுக்கு அறுத்துக் கொடுக்கும்போதுதான் அது பழம். துறைமுகத்தில் பேரம் பேசியவர்கள் காதிலும் இந்தக் கடைத்தெருச் சொல்லே விழுந்திருக்கும் என்பது என் ஊகம்.

மாதக்கணக்கான கப்பல் பயணத்தைப் பழம் தாங்காது. இங்கிலாந்துக்கு மாங்காய் ஊறுகாயாகத்தான் போனது. அதனால் 18ஆம் நூற்றாண்டில் அங்கே மேங்கோ என்றால் ஊறுகாய் என்றே ஆகிவிட்டது. முலாம்பழத்தையும் வெள்ளரியையும் குடைந்து, மசாலா அடைத்து, வினிகரில் ஊறப்போட்டால் அதுவும் மேங்கோ! அமெரிக்காவில் ஒஹாயோ, இந்தியானா பக்கம் குடைமிளகாயில் கோஸ் அடைத்து ஊறுகாய் போட்டார்கள். கடைசியில் பச்சைக் குடைமிளகாய்க்கே மேங்கோ என்று பெயர் நின்றுவிட்டது.

1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் மாமரத்துக்கு வைத்த அறிவியல் பெயரிலும் நம் காய் இருக்கிறது: மாஞ்சிஃபெரா இண்டிகா, மாங்காய் சுமக்கும் இந்திய மரம். என் அண்ணன் தன் நாற்றங்காலில் அந்தப் பெயரை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். வருகிறவர்கள் அதை ஒதுக்கிவிட்டுக் குனிந்து, “பெங்களூரா ஒட்டுக்கன்று என்ன விலை?” என்கிறார்கள்.