தலையில் அடிபட்டால் என்ன செய்வது? அவசரப் பிரிவு மருத்துவரிடம் கேட்டவை

கே: டாக்டர், பையனுக்கு 13 வயசு. நேத்து கிரிக்கெட்ல பந்து காதுக்கு மேல பட்டுச்சு. மயக்கம் போடலை. ஆனா "எத்தனாவது ஓவர்?"னு திரும்பத் திரும்பக் கேட்டானாம். இப்ப லேசா தலைவலி. விட்டுடலாமா?

ப: வேண்டாம்மா, இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ந்திருக்கும் என்பதில்லை. இந்த மூளை அதிர்ச்சிக்குத்தான் கன்கஷன் என்று பெயர். அது வந்தவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. கேட்டதையே கேட்டான் என்பது எனக்குப் போதும். குமட்டல், வெளிச்சம் கூசுவது, தலைசுற்றல், மந்தமான பதில், காரணமில்லாத எரிச்சல் இவையும் அதே கணக்குதான்.

சில சமயம் மறுநாள்தான் தெரியவரும். 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ் டெஸ்ட்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பவுன்சர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. வெளியே போனவர் பரிசோதனையில் தேறி, அன்றே திரும்பி வந்து ஆடி 92 எடுத்தார். மறுநாள் காலையில் தலைவலி, மந்தம். அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். அப்படி மாற்று வீரரை இறக்கும் விதி அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. இருட்டறையில் அடைக்க வேண்டாம், வீட்டுக்குள் நடக்கட்டும். பிறகு பள்ளிக்கூடம். அங்கே தொந்தரவில்லாமல் உட்கார முடிந்தால் லேசான ஓட்டம், கடைசியாகத்தான் பந்து, அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு. ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுவதுதான் ஆபத்து. கோச் "ஃபைனல் மேட்ச் சார்" என்று கெஞ்சினாலும் அனுப்பாதீர்கள்.

கே: தூங்க விடக்கூடாதுன்னு சொல்றாங்களே?

ப: தெளிவாகப் பேசி, ஒழுங்காக நடந்தால் தாராளமாகத் தூங்கட்டும். முதல் ராத்திரி கூட ஒருவர் படுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு தடவை எழுப்பிப் பாருங்கள். எழுப்பியும் எழாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கே: அப்பாவுக்கு 74. வால்வு ஆபரேஷன் ஆகி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். காலைல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார். சின்னப் புடைப்புதான். வெளியே வீங்கிட்டா உள்ளே ஒண்ணும் ஆகாதுன்னு அம்மா சொல்றாங்க.

ப: இதைப் படித்ததும் கிளம்புங்கள். வெளி வீக்கத்தை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லவே முடியாது. அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குச் சின்ன ரத்தக்கசிவுகூட நிற்காமல் போகலாம். அதனால் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஸ்கேன் தேவையா என்று டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களும் காட்டிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சீட்டையும் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கடைசி ஐ.என்.ஆர். ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.

இன்று ஸ்கேன் நன்றாக இருந்தாலும் அடுத்த சில வாரம் கவனியுங்கள். வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகச் சேர்வதுண்டு. நடை தள்ளாடும், மறதி கூடும், ஒரு கை வலுவிழக்கும். "வயசாயிடுச்சு" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், விழுந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கே: அடிபட்டுப் பத்து நாள் ஆச்சு. சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனா லேப்டாப் பார்த்தா தலைவலி. நடிக்கறேன்னு மேனேஜர் நினைக்கிறார்.

ப: நடிப்பில்லை. சி.டி. ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கன்கஷன் அதில் தெரியாது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சரியாகும், பிள்ளைகளுக்கு ஒரு மாதம்வரை போகலாம். நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள். குறையாமல் கூடினால் மறுபடி காட்டுங்கள்.

கே: 14 மாசக் குழந்தை கட்டில்ல இருந்து விழுந்துட்டா. உடனே அழுதா, பால் குடிச்சா, விளையாடறா.

ப: எல்லாம் நல்ல அறிகுறி. திரும்பத் திரும்ப வாந்தி, பால் குடிக்க மறுப்பது, மூன்றடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தது, நெற்றியைத் தவிர வேறு இடத்தில் கொழகொழவென்ற வீக்கம், இதில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். "என் குழந்தை மாதிரியே இல்லை" என்று ஒரு தாய் சொன்னால் நான் அதை அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன். ஒரு வயது நிரம்பாத குழந்தை என்றால் யோசிக்காமல் காட்டிவிடுவது நல்லது. டாக்டர் ஸ்கேன் எழுதாமல் சில மணி நேரம் வைத்துப் பார்த்தால் அலட்சியம் என்று சண்டை போடாதீர்கள். சின்ன மூளைக்குக் கதிர்வீச்சு தேவையில்லாமல் போகக்கூடாது என்பதற்காகத்தான்.

கே: எதைப் பார்த்தா உடனே 108?

ப: வலிப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, கை கால் பலவீனம், ஒரு கண்மணி பெரிதாவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிவது, ஆளை அடையாளம் தெரியாதது. வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கே: நண்பன் குடிச்சிட்டு பைக்ல விழுந்தான். போதைல தூங்கறானா, அடியா தெரியலை.

ப: எனக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதனாலேயே போதை தெளியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்தைத் திருப்பாமல், ஆட்டாமல் வையுங்கள். காசுக்கு யோசிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும்.

கே: வலிக்கு என்ன மாத்திரை?

ப: பாராசிட்டமால். முதல் இரண்டு நாள் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம்; ரத்தக்கசிவு இருந்தால் கூட்டிவிடும்.