ஆறு வயசு பையனுக்கு வெயிட் அதிகம், நைட்டு சோறை நிறுத்திடலாமா?

அரும்பாக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு ஆறு வயசு, உயரம் 116 செ.மீ., எடை 26 கிலோ. ஸ்கூல் செக்கப்ல வெயிட் அதிகம்னு எழுதி அனுப்பிட்டாங்களாம். மாமியார் "வளர்ற புள்ள, வளந்தா தானா வத்திடும், கண்ணு வைக்காதீங்க"ங்கிறாங்க, வீட்டுக்காரர் நைட்டு சோறை கட் பண்ணுங்கிறாரு. காலையில சாயந்திரம் ரெண்டு வேளையும் சத்து பவுடர் கலந்து ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு பால், சாப்பாடு பாட்டி ஊட்டி விடுறது, கையில போன். யார் பேச்ச கேக்குறதுன்னு தெரியலைங்கிறாங்க.

ரெண்டு பேர் சொல்றதையும் அப்படியே கேக்க வேணாம்மா. உயரத்தையும் எடையையும் வெச்சு கணக்கு போட்டா பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு காட்டுற அளவு, 19.3 வருது, ஆறு வயசு பையனுக்கு உலக சுகாதார நிறுவனத்தோட சார்ட்ல 18.5 தாண்டினாலே உடல் பருமன்னு தான் எடுத்துக்கணும், அதனால தானா வத்திடும்னு விட முடியாது. அதுக்காக பட்டினி போடவும் கூடாது, வளர்ற உடம்பு. இந்த வயசுல வருஷத்துக்கு அஞ்சாறு செ.மீ. உயரம் ஏறும். அடுத்த வருஷம் பையன் 122 ஆகி எடை மட்டும் இதே 26லயே நின்னுச்சுன்னா பிஎம்ஐ 17.5 பக்கம் இறங்கிடும். ஒரு கிலோ கூட குறைக்காமலே! நம்ம வேலை எடைய குறைக்கிறது கிடையாது, ஏறாம பாத்துக்கிறது தான். நைட்டு சோறு இருக்கட்டும், கொஞ்சம் அளவா வெச்சு காயும் பருப்பும் கூட்டுங்க, போதும்.

முதல்ல கை வைக்க வேண்டியது அந்த பால்ல. நீங்க போடுற சர்க்கரை மட்டும் ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன், அதாவது சுமார் 16 கிராம். ரெண்டு வயசுக்கு மேல குழந்தைங்களுக்கு சேர்க்கிற சர்க்கரை எல்லாம் சேத்து 25 கிராமுக்குள்ள நிக்கணும்னு அமெரிக்க இதய சங்கம் சொல்லுது, பவுடர்ல ஏற்கனவே இருக்கிற சர்க்கரைய நான் இன்னும் எண்ணவே இல்ல. டப்பாவ திருப்பி பின்னாடி 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரைன்னு ஒரு தடவை படிச்சு பாருங்க, அதுக்கப்புறம் நான் சொல்லவே வேணாம். ஒரேயடியா நிறுத்தாதீங்க, சண்டை தான் வரும், வாரத்துக்கு அரை ஸ்பூனா குறைச்சுட்டே வந்து வெறும் பாலுக்கு கொண்டு வாங்க. நிறைய பேர் இந்த இடத்துல நாட்டு சர்க்கரை, பனங்கற்கண்டுன்னு மாத்திட்டு நல்லது பண்றதா நினைக்கிறாங்க, உடம்புக்கு அதுவும் சர்க்கரை தான். பாட்டில் ஜூஸும் அதே கதை, பழமா கொடுங்க.

அடுத்தது ஊட்டி விடுறது. இது தான் எனக்கு பெரிய கவலை. போன்ல கார்ட்டூன் பாத்துட்டு வாயை திறக்குற பையனுக்கு வயிறு ரொம்புச்சா இல்லையான்னு தெரியவே தெரியாது, பாட்டிக்கு கிண்ணம் காலியாகணும், அவ்வளவு தான். ஆறு வயசுல அவனே பிசைஞ்சு சாப்பிடணும். நைட்டு சாப்பாட்டுல இருந்து ஆரம்பிங்க, எல்லாரும் ஒண்ணா தரையில உக்காருங்க, அப்பா போன் உட்பட எல்லா போனும் வேற ரூம்ல, அவனுக்கு சின்ன தட்டுல ரெண்டு இட்லி, கிண்ணம் நிறைய காய் போட்ட சாம்பார். இன்னும் வேணும்னு கேட்டா கொடுங்க, போதும்னா "இன்னும் ஒரே ஒரு வாய்"னு கெஞ்சாதீங்க. மூணு நாலு நாள் அழுவான், தட்டை தள்ளுவான், அரை இட்லியோட எழுந்து போவான், போகட்டும், ஒரு வேளை கம்மியா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா அரை மணி நேரம் கழிச்சு பாவம்னு பிஸ்கட் எடுத்து நீட்டிடாதீங்க, அங்க தான் எல்லாம் கெட்டு போகுது.

மாமியாரை எதிரியா ஆக்கிடாதீங்க ப்ளீஸ். அவங்க பாசத்த காட்டுற வழி அது, அதுக்கு வேற வேலை கொடுங்க. ஸ்கூல் விட்டு வர்றப்ப பேக்கரி பப்ஸுக்கு பதிலா பாட்டி கையால சுண்டல், அவிச்ச வேர்க்கடலை, கொய்யா, வெயில் காலத்துல நுங்குன்னு இருக்கட்டும். சிப்ஸ் பாக்கெட் வீட்டுல இருந்தா கேக்க தான் செய்வான், வாங்கி வைக்காம இருக்கிறது தான் சுலபம். அவனுக்கு மட்டும் தனி சாப்பாடு வேணாம், வீட்டுக்கே ஒரே சாப்பாடு. இன்னொண்ணு, கல்யாணம் காட்சின்னு போனா "என்னடா குண்டு பையா"னு கன்னத்தை கிள்ளுறவங்க இருப்பாங்க இல்ல, அவங்களை அங்கேயே, அவன் முன்னாடியே நிறுத்துங்க. குழந்தை மனசுல அது ரொம்ப நாள் நிக்கும்.

விளையாட்டு தினமும் ஒரு மணி நேரம், மூச்சு வாங்குற மாதிரி. நம்ம ஊரு வெயிலுக்கு ஏப்ரல் மே மாசத்துல அஞ்சரைக்கு மேல இறக்கி விடுங்க. கிளாஸ்ல சேத்து காசு கட்டணும்னு இல்ல, அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல நாலு பசங்களோட ஓடிப்பிடிச்சு விளையாடினாலே போதும், ஞாயித்துக்கிழமை அண்ணா நகர் டவர் பார்க் உங்களுக்கு பக்கம் தானே, அப்பாவும் கூட ஓடட்டும். தூக்கம் ஒம்பது மணி நேரத்துக்கு குறையக் கூடாது.

தைராய்டா இருக்குமோன்னு கடைசியா கேட்டிருக்கீங்க. தைராய்டுன்னா பொதுவா உயரம் ஏறுறது குறைஞ்சிடும், உங்க பையன் வயசுக்கு சரியான உயரத்துல தான் இருக்கான், அதனால அது காரணமா இருக்க வாய்ப்பு கம்மி. ஆனா கழுத்து பின்னாடியும் அக்குள்லயும் தோல் கருத்து தடிச்சிருக்கான்னு பாருங்க, அழுக்குன்னு நினைச்சு தேய்க்காதீங்க, இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கிறதோட அறிகுறியா இருக்கலாம். தூங்குறப்ப தினமும் குறட்டை விட்டாலும், முட்டி வலின்னு நொண்டினாலும் தள்ளி போடாதீங்க. உங்க குழந்தை டாக்டர்கிட்டயோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலயோ காட்டுங்க, போறப்ப தடுப்பூசி கார்டையும் ஸ்கூல் செக்கப் சீட்டையும் எடுத்துட்டு போங்க, பழைய எடை உயரம் அதுல இருந்தா எப்ப இருந்து ஏற ஆரம்பிச்சதுன்னு டாக்டருக்கு தெரியும்.