பனையின் உச்சிக்குத் தண்ணீர் ஏறும் வழி

அன்புள்ள ஐயா,

திருச்செந்தூர் பக்கம் ஒரு சிற்றூரில் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். சென்ற வாரம் பத்தாம் வகுப்புக்கு, தாவரங்களில் கடத்துதல் பற்றியும் விலங்குகளில் ரத்த ஓட்டம் பற்றியும் நடத்தினேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நம்ம ரத்தத்தை இதயம் தள்ளுது. பனைமரத்துல யாரு தள்ளுறா?" என்று கேட்டான். கைடில் இருந்தபடி, மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறும், அதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர் என்றேன். அவன் விடவில்லை. "எங்க கிணத்துல தண்ணி இருபத்தஞ்சு அடிக்குக் கீழ போயிட்டா மோட்டார் இழுக்காது. மோட்டாரைக் கிணத்துக்குள்ள இறக்கி வைக்கணும். மோட்டாரே இழுக்காததை மரம் எப்படி அறுபது அடிக்கு இழுக்கும்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

மரத்துக்கும் இதயத்துடிப்பு உண்டு என்று ஜகதீஷ் சந்திர போஸ் கண்டுபிடித்ததாகத் தோழி ஒருத்தி சொல்கிறாள். என் அப்பா பனையேறி. பூமியிலுள்ள சப்புத் தண்ணீரைக் குடித்து அதைப் பதநீராக மாற்றித் தருவது பனை என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவற்றில் எது சரி?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

அந்தப் பையனை முதலில் பாராட்டிவிடுங்கள். அவன் கேட்டது 1890கள் வரை தாவரவியலாளர்களைத் திணறடித்த கேள்வி. கிணற்றையும் மரத்தையும் அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். கேள்வியைச் சரியாகப் பிடித்துவிட்டான்.

கைடில் இருக்கும் பதிலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் தண்ணீர் தானாக ஏறும் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி. குழாய் அகலமாக ஆக உயரம் குறையும். மரத்தில் தண்ணீரை ஏற்றும் சைலக் குழாய்கள் பலவும் இந்த அகலத்தில்தான் இருக்கின்றன. பனை, தென்னையில் இதைவிட அகலமானவையும் உண்டு. ஆக, நுண்புழை ஏற்றத்தை மட்டும் நம்பினால் பனையில் தண்ணீர் முழங்காலைக்கூடத் தாண்டாது.

வேர் கீழிருந்து தள்ளுகிறதா என்றால், தள்ளத்தான் செய்கிறது. விடியற்காலையில் நெல் இலையின் நுனியில் முத்து முத்தாக நீர் நிற்குமே, அதைப் பனி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நுனியில் மட்டும் கோத்தாற்போல் நிற்கும் துளிகள் பெரும்பாலும் வேர் அழுத்தம் இரவில் தள்ளிவிட்ட தண்ணீர். ஆனால் வெயில் ஏறி, மரத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டியிருக்கும் நேரத்தில் அந்த அழுத்தம் காணாமல் போய்விடுகிறது. பகல் வேலையை அது செய்யவில்லை.

போஸ் விஷயம். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வானொலி அலைகளிலும், செடியின் நுண்ணிய அசைவுகளை அளக்கும் கருவிகளிலும் அவர் செய்தவை பெரிய காரியங்கள். சைலத்தை ஒட்டியுள்ள உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்துத் தண்ணீரை மேலே தள்ளுகின்றன என்று 1923இல் அவர் எழுதியதும் உண்மை. ஆனால் அந்தக் கருத்து நிற்கவில்லை. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியில் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் உயரமான மரங்களை அடியில் அறுத்து, அறுத்த முனையை நஞ்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்திருந்தார். நஞ்சு ஏறிய வழியெல்லாம் தண்டின் உயிர்ச் செல்கள் செத்தன. ஆனாலும் கரைசல் உச்சி வரை ஏறிக்கொண்டே இருந்தது. இலைகள் சாகும்வரை ஏற்றம் நிற்கவில்லை. தண்டு செத்தும் தண்ணீர் ஏறுகிறது என்றால் தண்டில் பம்பு இல்லை. ஒருவர் ஒன்றில் தவறியதைச் சொல்வதால் அவருடைய மற்ற சாதனைகள் குறைந்துவிடாது. இதை உங்கள் தோழியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் யார் இழுக்கிறார்கள்? இலை.

டப்ளினில் தாவரவியலாளர் ஹென்றி டிக்சனும் இயற்பியலாளர் ஜான் ஜோலியும் சேர்ந்து 1894இல் முன்வைத்த விளக்கம் இது. இலையின் உள்ளே செல் சுவர்கள் ஈரமாக இருக்கும். அந்தச் சுவரே ஒரு நார்ப் பின்னல். அதன் இடைவெளிகள் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்ணியவை. வெயிலில் அங்கிருந்து நீர் ஆவியாகி இலைத்துளை வழியே வெளியேறும்போது, ஒவ்வொரு இடைவெளியிலும் நீரின் மேற்பரப்பு உள்வாங்கி வளைகிறது. வளைந்த பரப்பு பின்னாலுள்ள தண்ணீரை இழுக்கிறது. இவ்வளவு சிறிய இடைவெளியில் நிற்கும் நீர்ப்பரப்பு நூறு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் தாங்கும். ஆகவே உங்கள் கைடு நுண்புழை என்று சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. இடம்தான் மாறிப்போயிற்று. அது வேலை செய்வது தண்டில் அல்ல, ஓலையில்.

மேலே இழுத்தால் கீழே வரைக்கும் எப்படித் தெரியும்? தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. காற்றுக்குமிழி இல்லாத ஒல்லியான குழாயில் அந்தப் பிடி மிகப் பலமானது. கிணற்றில் தாம்புக்கயிற்றை மேலே நின்று இழுத்தால் அடியில் கிடக்கும் வாளி வருகிறதல்லவா? அதுபோல ஓலையிலிருந்து வேர்நுனி வரைக்கும் ஒரே நீர்க்கயிறு.

மோட்டாருக்கும் மரத்துக்கும் வேறுபாடு இங்கேதான். மோட்டார் தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் அது குழாயிலுள்ள காற்றை எடுத்துவிடுகிறது, வெளிக்காற்றின் எடை கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றின் எடையால் 10.3 மீட்டர், அதாவது 34 அடிக்கு மேல் தள்ள முடியாது. குழாயின் தடையும் மோட்டாரின் குறைகளும் போக, கைக்குக் கிடைப்பது இருபத்தைந்து அடி. மரம் காற்றின் தயவில் இல்லை. அறுபது அடிப் பனையில் தண்ணீரின் எடைக்கே கிட்டத்தட்ட 2 வளிமண்டல இழுவை வேண்டும். குழாய்ச் சுவரின் தடைக்கு ஏறத்தாழ இன்னும் அவ்வளவு. நீர்க்கயிறு இதைச் சுலபமாகத் தாங்கும். கலிபோர்னியாவில் 110 மீட்டரைத் தாண்டிய ரெட்வுட் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் உச்சிக்கும் இந்த வழியில்தான் தண்ணீர் போகிறது.

இது வெறும் கருத்தாக நின்றுவிடவில்லை. 1965இல் பெர் ஸ்காலண்டர் என்பவர், வெட்டிய கிளையை ஓர் அழுத்தக் கலத்துக்குள் அடைத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரியும்படி வைத்தார். கிளையை வெட்டியதும் இழுவையில் இருந்த தண்ணீர் உள்ளே சுருங்கிவிடும். அதை மறுபடி வெட்டுவாய்க்குக் கொண்டுவர எவ்வளவு அழுத்தம் கொடுக்கவேண்டுமோ அதுதான் மரத்துக்குள் இருந்த இழுவை. கடலோரக் கண்டல் மரங்களில் அவர் கண்ட அளவு 30 வளிமண்டலத்துக்கும் மேல். கடல்நீர் தன் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும் வலு சுமார் 25 வளிமண்டலம். அதை மிஞ்சி இழுத்தால்தான் உப்பைப் பெருமளவு வேரிலேயே நிறுத்திவிட்டு நீரை மட்டும் எடுக்க முடியும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் ஒவ்வொரு மரமும் பகல் முழுக்கச் சத்தமே இல்லாமல் இதைச் செய்துகொண்டிருக்கிறது. நம் இதயம் தரும் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. முதன்முதலில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது நெடுநேரம் வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை.

நீர்க்கயிறு அறுவதும் உண்டு. கடும் வறட்சியில் இழுவை மிஞ்சும்போது குழாய்க்குள் காற்றுக்குமிழி புகும், அந்தக் குழாய் செயலிழக்கும். காயும் மரத்தில் உணர்கருவியை ஒட்டவைத்தால் ஒவ்வொரு அறுதலும் 'டிக்' என்று பதிவாகும். அப்படி அறுந்துகொண்டே போனால் மரம் பட்டுப்போகும். வேம்பும் மாவும் ஆண்டுதோறும் புதுக் குழாய்கள் செய்துகொள்ளும். பனைக்கு அந்த வசதி இல்லை. அதன் தண்டு பருப்பதில்லை. கீழ்த்தண்டில் இளமையில் அமைந்த குழாய்கள்தான் கடைசி வரைக்கும்.

இனி உங்கள் அப்பா சொன்னது. அவர் பாதி சரி. பதநீரிலுள்ள தண்ணீர் பூமியிலிருந்து வந்ததுதான். இனிப்பு பூமியிலிருந்து வந்ததல்ல. ஓலை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு வெயிலில் சமைத்தது அது. அது போகும் பாதையும் வேறு, ஃபுளோயம் என்னும் பாதை. சைலக் குழாய் செத்த செல்களின் கூடு. ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய் உயிருள்ளது. அங்கே நடப்பது இழுவை அல்ல, தள்ளல். ஓலைப் பக்கம் சர்க்கரை ஏற்றப்படுகிறது. சர்க்கரை மிகுந்த இடத்துக்குப் பக்கத்துச் சைலத்திலிருந்து தண்ணீர் பாய்கிறது. அழுத்தம் கூடுகிறது. காய், வேர், பாளை என்று சர்க்கரை செலவாகும் பக்கம் அழுத்தம் குறைவு. ஆகவே சாறு அந்தப் பக்கம் ஓடுகிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்ன்ஸ்ட் மூன்ஷ் 1930இல் சொன்ன விளக்கம் இது. கார் டயரில் உள்ளதைப்போலச் சில மடங்கு அழுத்தம் அந்தக் குழாயில் உண்டு. சீவிய பாளையிலிருந்து சாறு தானாகச் சொட்டுவது அதனால்தான்.

அலகுப்பனையின், அதாவது ஆண் பனையின், பாளையைக் கடிப்பு என்ற கருவியால் நசுக்கிப் பதப்படுத்துவதையும், அன்றாடம் மெல்லிசாகச் சீவுவதையும் நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். சல்லடைக் குழாய் அறுபட்டால் காலோஸ் என்ற பொருள் வந்து அதன் துளைகளை அடைக்கும். நமக்குக் காயத்தில் ரத்தம் உறைவதைப்போல. சீவாமல் விட்ட பாளையில் சொட்டு நின்றுபோகும். ஒரு சீவு சீவினால் அடைபட்ட வாய் போய்ப் புது வாய் திறக்கும். நுண்ணோக்கி இல்லாமலே பனையேறிகள் இதைக் கையால் அறிந்துவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். முதிர்ந்த சல்லடைக் குழாய்ச் செல்லில் உட்கரு கிடையாது. பக்கத்திலிருக்கும் துணைச் செல் அதைப் பராமரிக்கிறது. நம் ரத்தத்தின் சிவப்பணுவிலும் உட்கரு இல்லை. அதன் ஆயுள் 120 நாள். பனையின் அடித்தண்டிலுள்ள சல்லடைக் குழாயோ, அவர் பிறப்பதற்கு முன்பு உண்டானதாக இருந்தாலும், இன்றைக்கும் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும்.

மரத்துக்கு இதயம் இல்லையே என்று ஒரு குறையாகத் தொடங்கவேண்டாம் என்பது என் வேண்டுகோள். பாடம் இரண்டையும் சேர்த்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் பொருளும் தண்ணீரில் தானாகப் பரவும். ஒரு செல்லின் அகலத்தைக் கடக்க நொடியில் சிறு பங்கு போதும், ஒரு மில்லிமீட்டருக்குச் சில நிமிடம், ஒரு மீட்டருக்குப் பல ஆண்டுகள். உடம்பு பெரிதானால் பாதை வேண்டும். விலங்கு ஓடியாட வேண்டியது. ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. இதயம் அரை மணியில் தள்ளும் ரத்தம் உடம்பில் இருப்பதைவிட அதிகம், ஆகவே அது சுற்றித்தான் வரவேண்டும் என்று 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி கணக்கால் காட்டினார். அதற்கு நூறாண்டு கழித்து, 1727இல், ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் சூரியகாந்திச் செடியை நாள்தோறும் எடைபோட்டுப் பார்த்து, மரத்தில் அப்படிச் சுற்று எதுவும் இல்லை என்றார். ஏறும் நீரில் மிகப் பெரும் பங்கு இலை வழியே காற்றுக்கே போய்விடுகிறது. இழுக்கும் வேலைக்கு மரம் தன் சர்க்கரையைச் செலவழிப்பதில்லை. செலவு வெயிலுடையது. விலங்கு நாள் முழுக்க இதயத்துக்குத் தீனி போடவேண்டும். மரத்துக்கு அந்தத் தேவையே வரவில்லை.

வகுப்பில் செய்து காட்ட ஒன்று. ஒரே உயரமுள்ள இரண்டு காசித்தும்பைச் செடிகளைப் பறித்து, தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே அறுங்கள். வெளியே அறுத்தால் காற்று புகுந்துவிடும். ஒன்றின் இலைகளை முழுக்க உருவிவிடுங்கள். இரண்டையும் சிவப்பு மை கலந்த தண்ணீரில் வெயில் படும் இடத்தில் நிறுத்துங்கள். காசித்தும்பையின் தண்டு கண்ணாடி மாதிரி, மை ஏறுவது வெளியே தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பையனையே ஸ்கேலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். அவன் எழுதும் எண்களை எனக்கு அனுப்ப முடியுமா?

அன்புடன்.