பதின்வயது மனச்சோர்வு: ஸ்கேனில் என்ன தெரியும்? கேள்வி பதில்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 15 வயசு. மனச்சோர்வுன்னு சொல்லியிருக்காங்க. ஸ்கேன் எடுத்தா சாகுற எண்ணம் இருக்கான்னு தெரியுமா டாக்டர்?

தெரியாதும்மா. சாதாரண எம்.ஆர்.ஐ. கட்டி, ரத்தக்கசிவு மாதிரியானதைக் காட்டும். ஆராய்ச்சியில் எடுப்பது ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் ரத்த ஆக்சிஜன் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிறது என்று பார்த்து, அவற்றுக்குள் இணைப்பு இருப்பதாகக் கணக்கிடுவார்கள். தன்னைப் பற்றியே யோசிக்கும்போது வேலை செய்யும் டீஃபால்ட் மோட் நெட்வொர்க், உணர்ச்சியை அடக்கியாளும் முன்மூளை, இவற்றின் இணைப்பில், சாகும் எண்ணம் உள்ள பிள்ளைகளுக்கு வித்தியாசம் இருப்பதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அதெல்லாம் குழுச் சராசரி. உங்கள் மகளின் ஒரு படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத் திருவனந்தபுரம் வரை அலைய வேண்டாம்.

நாகர்கோவில், உளவியல் மாணவர்: ஒரு ஆய்வில் இணைப்பு கூடுது, இன்னொன்றில் குறையுது. ஏன் சார்?

முதலில் ஸ்கேன் எடுக்கும்போது வரும் தலை அசைவைப் பாருங்கள். மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே பக்கத்துப் பகுதிகளின் இணைப்பு கூடியது போலவும் தூரத்துப் பகுதிகளின் இணைப்பு குறைந்தது போலவும் வரும். 2012-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். சின்ன வயதினர்தான் அதிகம் அசைவார்கள். போதாததற்கு ஆட்கள் குறைவு, மாத்திரை எடுப்பவர்களும் எடுக்காதவர்களும் கலப்பு. மனச்சோர்வு இருந்தும் சாகும் எண்ணம் இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிடாத ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

குலசேகரத்திலிருந்து ஒரு அப்பா: சாகத் தோணுதான்னு நாமளே கேட்டா, இல்லாத எண்ணத்தைக் கெளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் வராது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா மக்ளே?" என்று நேராகவே கேளுங்கள். "ஆமா" என்றால், ஏதாவது திட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து, வீட்டு மாத்திரைகளை உடனே பூட்டுங்கள். ஆசிட் வைக்கும் ரப்பர் ஷெட்டின் சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். இந்த எண்ணம் அலையாக வந்து தணியும், அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பதே உயிர் காக்கும். திட்டம் இருந்தால் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்; இரவிலும் தமிழில் பேசலாம்.

குளச்சல், ஒரு அக்கா: மனச்சோர்வுக்கு ஃபுளூவாக்செட்டின் மாத்திரை எழுதியிருக்காங்க. அதுவே சாகுற எண்ணத்தைக் கூட்டும்னு சொல்றாங்களே?

2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது உண்மைதான். சோதனைகளில் இவ்வகை மாத்திரை எடுத்த இளையோரில் 100-க்கு 4 பேருக்கும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 பேருக்கும் அத்தகைய எண்ணமோ முயற்சியோ வந்தது; யாரும் இறக்கவில்லை. முதல் சில வாரங்கள் தூக்கமின்மை, படபடப்பு, எரிச்சல் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தக்கலையிலிருந்து ஒருவர்: தற்கொலை முயற்சி செய்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா கேஸ் ஆகுமா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115: கடும் மன அழுத்தத்தில் செய்தது என்றே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் கொடுப்பது நடைமுறை. அதற்குப் பயந்து ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.