சளி மாத்திரைக்கு அடையாள அட்டை எதற்கு? டல்லாஸ் கடையின் கணக்கும் பெங்களூரு அட்டையும்

கேள்வி: எனக்கு வயது 63. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் டல்லாஸில் இருந்துவிட்டு வந்தேன். ஜனவரியில் வீட்டில் எல்லோருக்கும் மூக்கடைப்பு. மாப்பிள்ளை ஒவ்வாமைக்காகத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுபவர். எங்களுக்கும் சேர்த்து அவர்தான் சளி மாத்திரை வாங்கி வந்தார். ஒருநாள் கடையில் அவருடைய ஓட்டுநர் உரிமத்தைக் கணினியில் பதிந்துவிட்டு, விற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் பாஸ்போர்ட்டைக் காட்டியும் தரவில்லை. மாப்பிள்ளை கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவர் பெயர் போலீஸுக்குப் போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அக்டோபரில் மறுபடி போகிறேன். இங்கே கேட்டவுடன் தருகிறார்களே, பத்து அட்டை வாங்கிப் போகட்டுமா? நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகள் இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறாள்.

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், அம்மா. கணினி ஒரு விற்பனையை மறுப்பது குற்றப்பதிவு ஆகாது. வரம்பைத் தாண்டும் விற்பனையை அந்த இடத்திலேயே நிறுத்துவதற்காக வைத்த ஏற்பாடு அது. நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் மாப்பிள்ளை கேட்ட மாத்திரையில் இருப்பது சூடோஎபிட்ரின். மூக்கின் உள்ளே வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும் நல்ல மருந்து. ஆனால் வேதி அமைப்பில் மெத்தாம்பெட்டமைன் என்ற கொடிய போதைப்பொருளுக்கு மிக நெருக்கமானது. அமெரிக்காவில் 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் சளி மாத்திரைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டுச் சமையலறையிலும் விடுதி அறையிலும் அந்தப் போதைப்பொருளைத் தயாரித்தார்கள். வெடித்துத் தீப்பிடித்த வீடுகள் உண்டு. அந்த நச்சுப் புகையில் வளர்ந்த குழந்தைகளும் உண்டு. அதனால் 2006-ல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் இந்த மாத்திரையைத் திறந்த அலமாரியிலிருந்து எடுத்து விற்பனையாளரின் முதுகுக்குப் பின்னால் வைத்தது. மருத்துவர் சீட்டு வேண்டாம். ஆனால் புகைப்பட அடையாள அட்டையும் கையெழுத்தும் வேண்டும்.

வரம்பு இது: ஒருவருக்கு ஒரு நாளில் 3.6 கிராம், 30 நாளில் 9 கிராம். முதலில் கடைக்குக் கடை தனிப் பதிவேடு இருந்தது. தெருமுனைக் கடையில் வரம்பு வரை வாங்கிவிட்டு அடுத்த தெருவில் மறுபடி வாங்கினால் யாருக்கும் தெரியாது. ஆள் வைத்து ஊர் முழுக்க வாங்கும் கும்பல்கள் அப்படித்தான் பிழைத்தன. அந்த ஓட்டையை அடைக்கத்தான் எல்லாக் கடைகளின் விற்பனையையும் ஒரே கணக்கில் கொண்டுவரும் மின்னணுப் பதிவு வந்தது. என்பிளெக்ஸ் என்று பெயர். டெக்சாஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் அதில் இருக்கின்றன. உரிமத்தை வருடியவுடன் அந்தப் பெயரில் கடந்த 30 நாளில் வாங்கியதையெல்லாம், வேறு மாநிலத்தில் வாங்கியிருந்தாலும், நொடியில் கூட்டிப் பார்த்துவிடும். இதற்கான செலவை ஏற்பது மருந்து உற்பத்தியாளர்கள். மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கினால் விற்பனை படுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓரிகான் மாநிலம் 2006-லேயே சீட்டைக் கட்டாயமாக்கியது. 2022-ல்தான் அதைக் கைவிட்டு மின்னணுப் பதிவுக்கு மாறியது.

இனி மாப்பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெட்டிகளின் விவரம் நீங்கள் எழுதவில்லை என்பதால் அங்கே வழக்கமாக விற்கும் அளவுகளை வைத்துக்கொள்கிறேன். ஒவ்வாமை மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'டி' என்ற ஓர் எழுத்து இருந்ததா என்று அவரிடம் கேளுங்கள். இருந்தால் அதிலும் சூடோஎபிட்ரின் இருக்கிறது. பலர் கவனிக்காத இடம் இதுதான். நாளுக்கு ஒன்று வீதம் சாப்பிடும் வகையில் ஒரு மாத்திரைக்கு 240 மில்லிகிராம் இருக்கும். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருப்பது மருந்தும் அதோடு சேர்ந்த வேதி உப்பும் கொண்ட மொத்த எடை; சட்டம் கணக்கில் எடுப்பது அந்த உப்பைக் கழித்த மருந்தின் எடை. அது சுமார் 185 மில்லிகிராம். 15 மாத்திரைப் பெட்டியாக மாதத்துக்கு இரண்டு வாங்கினால் 5.6 கிராம் அதிலேயே போய்விட்டது. அதற்கு மேல் 12 மணி நேரச் சளி மாத்திரை, 120 மில்லிகிராம் வகை, 20 கொண்ட ஒரு பெட்டி: ஏறத்தாழ 2 கிராம். மொத்தம் சுமார் 7.5. உங்களுக்காக இரண்டாவது பெட்டி கேட்டிருப்பார். அது சேர்ந்தால் 9.5. கணினி மறுத்துவிடும். வீட்டில் எத்தனை பேருக்குச் சளி என்பது அதற்குத் தெரியாது. ஒரே உரிமத்தில் வீடு முழுமைக்கும் வாங்கினால் எல்லாம் ஒரே ஆளின் தலையில்தான் ஏறும்.

30 நாள் என்பது நாள்காட்டி மாதமும் அல்ல. ஒன்றாம் தேதி பிறந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது. பழைய விற்பனைக்கு 30 நாள் நிறைந்த பிறகுதான் அது கழியும். மறுப்பு தவறு என்று தோன்றினால் கடையில் அந்தப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கலாம். அதை வைத்துக் காரணம் விசாரிக்க வழி இருக்கிறது.

உங்கள் பாஸ்போர்ட்டை ஏற்காததற்கும் போலீஸுக்கும் சம்பந்தமில்லை. சட்டம் கேட்பது முக்கியமாக அந்நாட்டு அரசு தரும் அடையாளம். சுற்றுலா விசாவில் வந்தவரின் வெளிநாட்டு பாஸ்போர்ட்டைச் சில கடைகள் ஏற்கும், சில மறுக்கும்.

அந்தப் பதிவைக் காவல்துறை பார்க்க முடியும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர்கள் தேடுவது மாதக்கணக்கில் வரம்பின் விளிம்பிலேயே வாங்குபவர்களையும் கூட்டமாக வந்து வாங்குபவர்களையும். ஆனால் ஒன்றை மாப்பிள்ளையிடம் அழுத்திச் சொல்லுங்கள்: வரம்பு முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு நண்பரின் உரிமத்தில் வாங்கித் தரச் சொல்லக் கூடாது. 30 நாளில் 9 கிராமுக்கு மேல் தெரிந்தே வாங்குவது வாங்குபவருக்கே குற்றம். கிரீன் கார்டு நிலுவையில் இருக்கும்போது அந்த விளையாட்டே வேண்டாம்.

இந்தக் கண்காணிப்பால் போதைப்பொருள் ஒழிந்ததா என்றால், இல்லை. சமையலறைத் தயாரிப்பு வெகுவாகக் குறைந்தது. அந்த இடத்தை மெக்சிகோவின் பெரிய ஆலைகள் பிடித்துக்கொண்டன. அவை சளி மாத்திரையே தேவைப்படாத வேறு வழியில் தயாரிக்கின்றன. ஆனாலும் அடுக்குமாடி வீட்டில் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஒரு போதை ஆலை இல்லாமல் போனது பெரிய விஷயம் என்றே நான் நினைக்கிறேன். அதற்காகக் கடையில் இரண்டு நிமிடம் நிற்கலாம்.

இப்போது பத்து அட்டைக்கு வருவோம். வேண்டாம். காரணம் சட்டம் மட்டுமல்ல.

அல்சூர் கடையில் "சளி மாத்திரை" என்று கேட்டு வாங்கும் அட்டையைத் திருப்பி, வெள்ளித்தாளின் மேல் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் பாரசிட்டமால், குளோர்பெனிரமின் அல்லது செட்ரிசின், கூடவே பீனைலெஃப்ரின் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். மூக்கடைப்புக்கு என்று சேர்த்திருப்பது கடைசியாகச் சொன்னது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வல்லுநர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது: வாய்வழியாகச் சாப்பிடும் பீனைலெஃப்ரின் மூக்கடைப்பைப் போக்குவதில்லை. 2024 நவம்பரில் அதைச் சீட்டில்லாமல் விற்கும் மூக்கடைப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்து நீக்கவும் அந்த அமைப்பு முன்மொழிந்தது. டல்லாஸ் கடையின் திறந்த அலமாரியில் 'பி.இ.' என்ற எழுத்துடன் அடையாள அட்டை இல்லாமலே கிடைப்பதும் இதே சரக்குதான். அதைக் கடல் தாண்டிச் சுமந்துபோக வேண்டுமா?

அட்டையில் உள்ள பாரசிட்டமாலுக்கு அங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். பெயர் வேறாக இருப்பதால், இங்கிருந்து கொண்டுபோன மாத்திரையோடு அங்கே வாங்கிய காய்ச்சல் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டுக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நிமெசுலைடு என்ற வலி மருந்து கலந்த அட்டைகளும் இங்கே உண்டு; அமெரிக்காவில் அது அனுமதியே இல்லாத மருந்து. கோடீன் கலந்த இருமல் மருந்தையோ டிராமடால் என்ற வலி மாத்திரையையோ பையில் வைத்துக்கொண்டு துபாய் வழியாகப் போகாதீர்கள். டோக்கியோ வழியாகப் போனால், 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎபிட்ரின் உள்ள மருந்துக்கு ஜப்பானில் தடை இருக்கிறது.

நம் நாட்டில் சூடோஎபிட்ரினைக் கண்டுகொள்வதில்லை என்றும் நினைக்காதீர்கள். மூலப்பொருளாக அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. தயாரிக்கவும் விற்கவும் தனிப் பதிவு எண் வேண்டும். மீறினால் பத்தாண்டு வரை கடுங்காவல். 2024 பிப்ரவரியில் டெல்லியில் 50 கிலோ சூடோஎபிட்ரின் பிடிபட்டது. சத்துமாவிலும் தேங்காய்த்தூளிலும் மறைத்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பி வந்ததாக அதிகாரிகள் அறிவித்தார்கள். ஆனால் கடைக்கும் கடைக்கும் இணைப்பு நம்மிடம் இல்லை. 2014 மார்ச் முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச் 1' பட்டியல் மருந்துகளுக்கு நோயாளியின் பெயரை எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு அந்தந்தக் கடையோடு நின்றுவிடுகிறது. தூக்க மாத்திரைக்கும் டிராமடாலுக்குமாவது ஒன்றிணைந்த பதிவு வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியவை கடைசி இரண்டு வரிகள். சூடோஎபிட்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றும். நீங்கள் மாத்திரை சாப்பிடுபவர். உங்கள் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. பால் கொடுக்கும் மகளுக்கு அது பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். ஆக அந்த வீட்டில் அதைச் சாப்பிடத் தகுந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். அவருக்கும் தினமும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கட்டும். டெக்சாஸில் குளிர்காலத்தில் சீடர் மர மகரந்தம் பலரை வாட்டும். அதற்கு அங்கே சீட்டும் அடையாள அட்டையும் இல்லாமல் கிடைக்கும் ஃபுளூட்டிகசோன் மூக்குத் தெளிப்பான் பெரும்பாலும் போதும்.

உங்களுக்கும் மகளுக்கும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. குழாய்த் தண்ணீரை நேராகப் பயன்படுத்தாதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய நீர்தான் வேண்டும். உடனே அடைப்பைத் திறக்கும் ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்தை மூன்று நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதற்கும் உங்கள் மருத்துவரின் சம்மதம் வேண்டும். குழந்தைக்கு எந்தச் சளி மருந்தும் வேண்டாம். நம் நாட்டிலேயே 2023 டிசம்பரில் குளோர்பெனிரமினும் பீனைலெஃப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தரக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது.

பெட்டியில் வைக்க வேண்டியது உங்கள் இரத்த அழுத்த மாத்திரை. மூன்று மாதத்துக்கு மிகாத அளவு, அட்டையை வெட்டாமல் அசல் உறையிலேயே, மருந்தின் வேதிப் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்கிய மருத்துவர் சீட்டுடன், கைப்பையில் வையுங்கள். அதற்கு மேல் தங்குவதாக இருந்தால் மீதி நாளுக்கு அங்கே எந்த மருத்துவரைப் பார்ப்பது என்பதை மகள் இப்போதே விசாரித்து வைக்கட்டும்.