குழி தோண்டிய பிறகு கிணறு திரும்பி வராது

கேள்வி: பெங்களூரு அல்சூரில் 30 வருடமாகக் குடியிருக்கிறோம். எங்கள் காம்பவுண்டை ஒட்டிய பழைய வணிக வளாகத்தை இடித்துவிட்டு, கடை, ஆபீஸ், வீடு எல்லாம் சேர்ந்த கட்டடம் கட்டப்போகிறார்களாம். பூமிக்கு அடியில் 3 தளம் பார்க்கிங். 2024 கோடையில்கூட எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அந்த மனையில் 7 பெரிய தூங்குமூஞ்சி மரங்களும் நிற்கின்றன. "அவர்கள் நிலம், நாம் என்ன செய்வது?" என்கிறார் கணவர். வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. ஆனால் குழி தோண்டுவதற்கு முன்பே இறங்க வேண்டும். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் மரம் விழுந்த பிறகு, கிணறு வற்றிய பிறகுதான் வருகிறார்கள். அப்போது நஷ்டஈடு கேட்கலாம். ஊற்றை யாரும் திருப்பித் தர முடியாது.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எடுக்க நில உடைமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. நம் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: மீட்க முடியாத சேதம் வரும் அபாயம் இருந்தால், அறிவியல் ஆதாரம் முழுதாக இல்லை என்று காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. பாதிப்பு வராது என்று நிரூபிக்கும் பொறுப்பும் கட்டுபவருடையது. உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான்.

முதலில் கட்டடத்தின் மொத்தப் பரப்பைக் கண்டுபிடியுங்கள். 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே, மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். பேஸ்மெண்ட் தளங்களும் இந்தக் கணக்கில் சேரும். ஒரே திட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இந்த எல்லைக்குக் கீழே காட்டுவதும் நடக்கிறது, கவனமாகப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், இத்தகைய கட்டடங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. ஒருவரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அவர்களுடைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு நீங்களாகவே ஆட்சேபம் எழுதுங்கள். நிலப் பயன்பாட்டில் ஏற்படும் நிரந்தர மாற்றம் பற்றி விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கேள்வி உண்டு. அதற்கு என்ன பதில் எழுதியிருக்கிறார்கள், குழி தோண்டும்போது மோட்டார் வைத்து இறைக்கும் நிலத்தடி நீர் எங்கே போகும், பக்கத்துக் கிணறுகள் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையே ஆட்சேபமாக எழுதுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும் இல்லையா? கயிற்றில் கல் கட்டிக் கிணற்றில் விட்டு, நனைந்த இடம் வரைக்கும் டேப்பால் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை போதும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நோட்டு இல்லாமல், "முன்பு தண்ணீர் இருந்தது" என்று வெறும் வாயால் சொன்னால் எடுபடாது.

மரங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976இன் கீழ் மர அதிகாரிக்கு, ஒவ்வொரு மரத்தின் போட்டோவையும் சுற்றளவையும் வைத்து எழுதுங்கள்.

கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். கெடு 30 நாள்தான். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை மன்னிப்பார்கள். 91ஆவது நாள் கதவு மூடிவிடும். அனுமதி வந்ததைப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே கன்னடப் பத்திரிகை படிக்கும் யாரிடமாவது சொல்லி வையுங்கள். மேல்முறையீட்டோடு இடைக்காலத் தடை மனுவையும் சேர்த்தே போடுங்கள், இல்லாவிட்டால் வழக்கு நடக்கும்போதே குழி தோண்டிவிடுவார்கள். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தெருவில் நாலு வீடு சேர்ந்தால் ஆளுக்கு 250.